சீன வடிவமைப்புக் காப்புரிமை: 500 யுவானுக்கு என்ன கிடைக்கிறது?

"பொருளைச் சீனாவின் ஷென்ஜெனில் செய்து வாங்குகிறோம், விற்பது வேறு நாட்டில். பிறகு எதற்குச் சீனக் காப்புரிமை?" வன்பொருள் தொழிலில் புதிதாக இறங்கும் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். பதில் சீனக் காப்புரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் இருக்கிறது. இன்னொருவர் பெயரில் பதிவான வடிவமைப்பில், அதாவது வெளித்தோற்றத்தில், ஒரு பொருளைத் தயாரிப்பதே மீறல். விற்பதும், விற்பனைக்கு வைப்பதும், இறக்குமதி செய்வதும் அதே வரிசையில் வருகின்றன. கடைசிப் பெட்டி வரை சென்னைக்கோ சிகாகோவுக்கோ கப்பல் ஏறினாலும், தயாரிப்பு சீனாவின் டோங்குவானில் நடந்தால் அங்குள்ள சட்டம்தான் பேசும். அந்த வடிவத்தை வேறொருவர் முந்திப் பதிந்திருந்தால் உங்கள் உற்பத்தி வரிசை நிற்கலாம், சரக்கு துறைமுகத்தில் மாட்டலாம்.

அதனால் சீன தேசிய அறிவுசார் சொத்து நிர்வாகத்தின் வடிவமைப்புக் காப்புரிமைப் பதிவு, அங்கே மோல்டு (வார்ப்பச்சு) போடும் எந்த நிறுவனமும் வாங்க வேண்டிய சேவை என்பதே எங்கள் கருத்து. விண்ணப்பக் கட்டணம் 500 யுவான். முகவர் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு ஆகும். சிக்கல் இல்லாவிட்டால் சில மாதங்களில் சான்றிதழ் வந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் செய்த விண்ணப்பங்களுக்கு ஆயுள் 15 ஆண்டு. அதற்கு முன் 10 ஆண்டாக இருந்தது. சேவை நன்றாகவே நடக்கிறது. வாங்குபவர்கள் தவறுவது இரண்டு இடங்களில்: விண்ணப்பிக்கும் நாளிலும், கொடுக்கும் படங்களிலும்.

விண்ணப்பிக்கும் நாளைப் பற்றி முதலில் பார்ப்போம். விண்ணப்பத்துக்கு முன் அந்த வடிவம் உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. கண்காட்சி, இணையதளம், கூட்டு நிதி திரட்டும் பக்கம், விமர்சகர் காணொளி எல்லாம் வெளியீடுதான். அமெரிக்காவில் உரிமையாளரே வெளியிட்டிருந்தால் ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. சீனாவில் சலுகை 6 மாதம் மட்டுமே, அதுவும் அரசு அங்கீகரித்த சர்வதேசக் கண்காட்சி, குறிப்பிட்ட கல்விசார் மாநாடுகள், உரிமையாளர் சம்மதமின்றிப் பிறர் வெளியிட்டது போன்ற ஒரு சில நிலைமைகளுக்குத்தான். சாதாரணத் தொழில் கண்காட்சி இதில் சேராது.

இதில் ஜாகுவார் லேண்ட் ரோவர் பட்ட பாட்டை வன்பொருள் செய்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரேஞ்ச் ரோவர் இவோக் கார் 2010 டிசம்பரில் குவாங்ஜோ கண்காட்சியில் வைக்கப்பட்டது. சீனாவில் அதன் வடிவமைப்புக்கு விண்ணப்பம் போனது 2011 நவம்பரில். பிறகு ஜியாங்லிங் என்ற சீன நிறுவனம் ஏறக்குறைய அதே தோற்றத்தில் லேண்ட்விண்ட் எக்ஸ்7 காரை இறக்கி, 2013 நவம்பரில் தனக்கென ஒரு காப்புரிமைக்கும் விண்ணப்பித்தது. 2016இல் இரண்டு காப்புரிமைகளும் ரத்தாயின. பிரிட்டிஷ் நிறுவனத்தின் காப்புரிமைக்கு எமனாக வந்தது அதன் சொந்தக் கண்காட்சிதான். 2019 மார்ச்சில் பெய்ஜிங் சாயாங் மாவட்ட நீதிமன்றத்தில் அந்நிறுவனம் வென்றது, ஆனால் நியாயமற்ற போட்டி என்ற வேறொரு சட்டத்தின் கீழ். அதற்குள் நகல் கார் பல ஆண்டுகள் சாலையில் ஓடிவிட்டது. அறிமுகத்துக்கு முன் ஒரு விண்ணப்பம் போயிருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும்.

வெளியீட்டைவிட முன்னதாக வரும் ஆபத்து தொழிற்சாலையோடு பேசத் தொடங்கும் நாள். விலை கேட்பதற்காக நீங்கள் அனுப்பும் ஸ்டெப் கோப்பு (பொருளின் முப்பரிமாண வரைபடக் கோப்பு) தொழிற்சாலையோடு நிற்பதில்லை. மோல்டு பட்டறைக்கு, முலாம் பூசுபவருக்கு, பெட்டி அச்சடிப்பவருக்கு என்று கைமாறுகிறது. அவர்களில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டுச் சிறு நிறுவனம் தனியாக விண்ணப்பித்தால் கட்டணத்தில் 85 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதாவது உங்கள் வடிவத்தைத் தன் பெயரில் பதிய அவருக்கு 75 யுவான் போதும்.

இன்னும் நுட்பமான சிக்கல் அதே காப்புரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்து கொடுத்த வடிவமைப்பில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், விண்ணப்பிக்கும் உரிமை செய்து முடித்தவருக்கே. நீங்கள் கையால் வரைந்த ஓவியத்தைத் தொழிற்சாலைப் பொறியாளர் முப்பரிமாண மாதிரியாக்கி, மூலைகளை வளைத்து, பிளவுக்கோட்டை (மோல்டின் இரு பாதிகள் சேரும் கோட்டை) நகர்த்தி முடித்தார் என்றால், அந்தத் தோற்றம் யாருடையது என்ற கேள்விக்கு ஒப்பந்தம் மட்டுமே பதில் சொல்ல முடியும். "வடிவமைப்புச் செலவு இலவசம், மோல்டு எங்களிடமே போடுங்கள்" என்ற சலுகையை ஏற்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஒப்பந்தம் சீன மொழியில், தொழிற்சாலையின் பதிவான பெயரில், நிறுவன முத்திரையோடு இருக்கட்டும். மோல்டு யாருக்குச் சொந்தம், வடிவமைப்பு யாருக்குச் சொந்தம் என்று இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். மோல்டுக்குப் பணம் கட்டியதால் வடிவமைப்பும் உங்களுடையது ஆகிவிடாது.

பொது மோல்டு எடுப்பவர்களுக்கும் இங்கே ஒரு சொல். பவர் பேங்க், இயர்பட்ஸ் டப்பா, சார்ஜர் போன்றவற்றில் தொழிற்சாலையிடம் தயாராக இருக்கும் கூட்டை எடுத்து, லோகோ மட்டும் மாற்றி விற்பது வழக்கம். மோல்டு செலவு மிச்சம், ஆரம்ப எண்ணிக்கையும் குறைவு. ஆனால் அந்தக் கூட்டின் வடிவமைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது. சீனாவில் மட்டுமின்றி, விற்கப்போகும் நாட்டின் பதிவேட்டிலும் தேடுங்கள். தொழிற்சாலையிடம் காப்புரிமை எண்ணைக் கேட்டு, ஆண்டுக் கட்டணம் கட்டி அது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனிப் படங்கள். இந்தச் சேவையின் தரம் முழுக்கப் படங்களைப் பொறுத்தது, ஏனென்றால் உரிமையின் எல்லையை வரையறுப்பவை அவைதான். வழக்கமாக ஆறு பக்கத் தோற்றங்களும் பொருளைச் சாய்கோணத்தில் காட்டும் ஒரு பெர்ஸ்பெக்டிவ் படமும் தருகிறார்கள். ஒவ்வொரு படமும் 3×8 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 15×22 சென்டிமீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கோட்டுப்படத்தில் நிழல்கோடு, மையக்கோடு கூடாது. கூடவே பொருளின் பெயர், பயன்பாடு, வடிவமைப்பின் முக்கியக் கூறு, வெளியீட்டுக்குரிய ஒரு படம் ஆகியவற்றைச் சொல்லும் சுருக்க விளக்கம் கட்டாயம். திருத்தக் கடிதம் வருவதற்கு முக்கியக் காரணம் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை: முன்பக்கத்தில் இருக்கும் துளை மேல்தோற்றத்தில் இல்லை, இடமும் வலமும் கண்ணாடி பிம்பமாக மாறிவிட்டன, ஒரு படத்தில் மட்டும் கேபிள் தொங்குகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் நீங்களாகவே திருத்தலாம், ஆனால் முதல் படங்களில் இல்லாத எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது.

எதை வரைகிறோம் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியின் குரோஹே நிறுவனம் தொடுத்த வழக்கு நல்ல பாடம். கைப்பிடி ஷவர் ஒன்றின் வடிவமைப்புக்கு அது காப்புரிமை வைத்திருந்தது. தண்ணீர் கொட்டும் முகம் ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டமாக இருக்கும். ஜெஜியாங் மாகாணத்தின் ஜியான்லோங் நிறுவனம் அதே வகை முகத்தோடு ஷவர் விற்றது. மாகாண உயர் நீதிமன்றம் மீறல் என்றது. 2015 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் அதை மாற்றி, மீறல் இல்லை என்றது. குரோஹேயின் படத்தில் கைப்பிடியில் ஓர் அழுத்துப் பொத்தான் இருந்தது, எதிராளியின் ஷவரில் இல்லை. கைப்பிடியின் வடிவமும் தலையோடு அது சேரும் விதமும் வேறாக இருந்தன. முகம் ஒன்றாக இருந்தாலும், முழுப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் தோற்றம் வேறு என்பது தீர்ப்பு. கீழ் நீதிமன்றங்களுக்கான வழிகாட்டி வழக்காக, 85ஆம் எண்ணோடு, இது வைக்கப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு குரோஹேக்கு வேறு வழி இல்லை, முழுப் பொருளைத்தான் பதிய முடியும். 2021 ஜூன் திருத்தம் பகுதி வடிவமைப்பை அனுமதித்தது. இந்தச் சேவைக்கு அண்மையில் கிடைத்த மிகப் பெரிய மேம்பாடு இதுதான். முழுப் பொருளையும் வரைந்து, காக்க வேண்டிய பகுதியைத் திடக்கோட்டிலும் மற்றதைப் புள்ளிக்கோட்டிலும் காட்டினால் போதும். ஷவரின் முகத்தை மட்டும், ஸ்பீக்கரின் வலைத்துளை அமைப்பை மட்டும் பதியலாம். எங்கள் பரிந்துரை: முழுப் பொருளுக்கு ஒன்று, நகலெடுப்பவர் கட்டாயம் எடுக்கக்கூடிய பகுதிக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பம். ஒரே பொருளின் ஒத்த வடிவங்கள் பத்து வரை ஒரே விண்ணப்பத்தில் அடங்கும் என்பதால் சிறு மாற்றங்களையும் சேர்த்துப் பதியுங்கள். கணினியில் நிஜம்போல் உருவாக்கும் மினுமினுக்கும் ரெண்டர் படத்தைத் தவிர்த்துச் சுத்தமான கோட்டுப்படம் தருவது நல்லது. ரெண்டரில் தெரியும் பளபளப்பும் சொரசொரப்பும் உரிமையைச் சுருக்கிவிடக்கூடும்.

இந்தச் சேவையின் பெரிய குறை, வேகத்துக்காக ஆய்வைக் கைவிட்டிருப்பது. முதற்கட்டச் சோதனை மட்டும் நடக்கிறது, பழைய வடிவங்களை முழுமையாகத் தேடிப் பார்ப்பதில்லை. 2024 ஜனவரியில் விதிகள் சற்று இறுகின, கண்ணுக்கே தெரியும் நகலை ஆய்வாளர் நிராகரிக்கலாம். அப்படியும் தகுதியில்லாத காப்புரிமைகள் நிறையவே நுழைகின்றன. ஆய்வு இல்லாத காகிதம் ஒன்று எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் உலுக்க முடியும் என்பதை ஆப்பிள் பார்த்தது. ஷென்ஜெனின் பைலி நிறுவனம் 100சி என்ற தன் போனின் வடிவமைப்புக்கு 2014 ஜனவரியில் விண்ணப்பித்தது. ஐபோன் 6 அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. 2016 மே மாதம் பெய்ஜிங் அறிவுசார் சொத்து அலுவலகம், ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டையும் நகரில் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மேல்முறையீட்டால் தடை அமலாகாமல் நின்றது. 2017 மார்ச்சில் பெய்ஜிங் அறிவுசார் சொத்து நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. ஆப்பிளுக்கு வழக்கறிஞர் படையே உண்டு. ஐயாயிரம் பெட்டி ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இரண்டு வாரத் தடையே தாங்காது.

இந்தக் குறையை ஈடு செய்ய நிர்வாகமே விற்கும் துணைச் சேவைதான் மதிப்பீட்டு அறிக்கை. கட்டணம் 2,400 யுவான், 2 மாதத்தில் வரும். உண்மையான தேடல் இங்கேதான் நடக்கிறது. நகலைத் தடுக்க வேண்டுமானால் சுங்கத்திலும், பெரிய விற்பனைத் தளங்களிலும், பெரும்பாலும் நீதிமன்றத்திலும் இதைக் கேட்பார்கள். முன்பு சான்றிதழ் வந்த பிறகே கேட்க முடிந்தது, இப்போது பதிவு நடைமுறையின்போதே கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு காப்புரிமைக்கு ஓர் அறிக்கைதான். பாதகமாக வந்தால் மேல்முறையீடு இல்லை, பிழை திருத்தம் கோரலாம், அவ்வளவே. முதலில் நீங்களே தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் இந்த அறிக்கை பயன்படும். உங்கள் மேல் மீறல் புகார் வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் 2021 திருத்தப்படி நீங்களும் அறிக்கையை முன்வைக்கலாம், 2024 விதிகளின்படி நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். வடிவமைப்பைச் செல்லாததாக்கக் கோரும் கட்டணம் 1,500 யுவான். அங்கே எடுபடுவது தேதியோடு பொதுவில் வெளியான சான்று. தொழிற்சாலைக்கு நீங்கள் எழுதிய மின்னஞ்சல் பொது வெளியீடு ஆகாது; அது உரிமை யாருடையது என்ற வழக்குக்கே உதவும்.

சுங்கப் பதிவு இதன் இன்னொரு நல்ல பயன். சீனச் சுங்கம் ஏற்றுமதியையும் சோதிக்கிறது. காப்புரிமையைச் சுங்கத் தலைமையகத்தில் பதிய இப்போது கட்டணம் இல்லை. சந்தேகச் சரக்கு சிக்கினால் உங்களுக்குத் தகவல் வரும், 3 வேலை நாளுக்குள் தடுக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், பிணைத்தொகையும் கட்ட வேண்டும். சரக்கு 20,000 யுவானுக்குக் கீழ் என்றால் முழு மதிப்பு; 20,000 முதல் 2 லட்சம் வரை பாதி, ஆனால் 20,000க்குக் குறையாமல்; அதற்கு மேல் 1 லட்சம் யுவான். இந்தப் பணமும், அங்கே கையெழுத்திட ஓர் ஆளும் தயாராக இல்லாவிட்டால் 3 நாள் போதாது.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு: சீனாவில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டவர் உரிமம் பெற்ற சீன முகவர் வழியாகத்தான் போக முடியும். இந்தியாவில் முதலில் பதிந்து, 6 மாதத்துக்குள் அந்த முன்னுரிமைத் தேதியோடு (முதல் விண்ணப்ப நாளையே சீனாவிலும் கணக்கில் கொள்ளும் முறை) சீனாவில் விண்ணப்பிப்பது சிக்கனமான வழி. முன்னுரிமை ஆவணத்தின் நகலை 3 மாதத்துக்குள் தர வேண்டும். இந்திய விண்ணப்பத்தில் நான்கு படம் மட்டும் தந்துவிட்டுச் சீனாவில் ஆறு தந்தால் முன்னுரிமையே கேள்விக்குள்ளாகும். முதல் விண்ணப்பத்தையே சீன விதிக்கேற்ற படங்களோடு போடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வடிவமைப்பைப் பதியும் ஹேக் முறையில் சீனா 2022 மே 5 முதல் இருக்கிறது. இந்தியா அதில் சேராததால் இங்குள்ள நிறுவனத்துக்கு அந்த வழி இல்லை, சிங்கப்பூரில் முறையாக இயங்கும் நிறுவனத்துக்கு உண்டு.

பொருளின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டையோ மடங்கும் பொறிமுறையையோ இந்தக் காப்புரிமை தொடாது. ஆண்டுக்கு ஒரு மாடல் மாறும் மலிவான துணைப்பொருளைப் பொது மோல்டில் எடுத்து விற்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை, தேடிப் பார்ப்பது போதும்.

கடைசியாகப் பராமரிப்புச் செலவு. முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 600 யுவான், 4, 5ஆம் ஆண்டுகளுக்கு 900, 6 முதல் 8 வரை 1,200, 9, 10ஆம் ஆண்டுகளுக்கு 2,000, 11 முதல் 15 வரை 3,000. ஆண்டு கணக்கிடப்படுவது விண்ணப்ப நாளிலிருந்து, சான்றிதழ் நாளிலிருந்து அல்ல. தவறினால் 6 மாத அவகாசம் உண்டு, ஆனால் தாமதத்துக்கு ஏற்ப மாதம் 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும். முகவரை மாற்றும்போது நினைவூட்டல் கடிதம் பழைய முகவருக்கே போய்க்கொண்டிருக்கும், அதனால் மாற்றத்தை நிர்வாகத்தில் பதிவு செய்த ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.