நெறிக்கட்டிக்கு டிபி மாத்திரையா, கத்தியா?

ராமநாதபுரம் கடற்கரையில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டி, சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்து, ஆளும் இளைத்தால் எல்லார் வாயிலும் முதலில் வருவது டிபிதான். தப்பில்லை. எச்ஐவி உள்ளவர்களை நம் நாட்டில் அதிகம் படுத்துவது அந்த நோய்தான். ஆனால் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அச்சு அசலாக இதே அறிகுறிகளோடு வரும். எச்ஐவி உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை அதலபாதாளத்தில் இருந்தால்தான் வரும் என்றும் இல்லை. 200க்கு மேல் இருப்பவருக்கும் வருகிறது. ஏஆர்டி தொடங்கி உடம்பு தேறிவரும் முதல் சில மாதங்களிலும் வருகிறது.

ஆக, முதல் போட்டி: டிபி மருந்தைப் போட்டுப் பார்ப்பதா, நெறியை எடுத்துப் பரிசோதிப்பதா?

"மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம், கரைஞ்சா சரி" என்கிற வழியில் வசதி உண்டு. மருந்து இலவசம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், கத்தி படாது. விலை வேறு இடத்தில் கொடுக்கவேண்டி வரும். டிபி சிகிச்சை ஆறு மாதம். அதில் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதற்குள் லிம்போமா மார்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போய்விடலாம். எச்ஐவியோடு வரும் ஹாட்ஜ்கின் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. இன்னொரு சிக்கல், உண்மையான டிபியிலும் ஏஆர்டி தொடங்கிய பிறகு நெறி சில வாரம் பெரிதாகும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வதன் விளைவு அது. அதை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஸ்டீராய்டுக்கு லிம்போமாவும் தற்காலிகமாகச் சுருங்கும். 'கரைஞ்சிருச்சு' என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது நோய் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். போதாததற்கு ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து, ஏஆர்டியில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிரை மட்டும் நாளுக்கு இரண்டு முறை போடவேண்டும். தேவையில்லாத டிபி மருந்து என்றால் இத்தனையும் வீண் சுமை.

என் கட்சி தெளிவு: டிபி என்று கிருமி ஆதாரம் கிடைத்தால் மாத்திரை, கிடைக்காவிட்டால் நெறியை எடுத்துப் பார்ப்பது. ஆதாரம் கிடைத்து மருந்து தொடங்கியும் நெறி அடங்காமல் வளர்ந்தால் அப்போதும் எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

எப்படி எடுப்பது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மெல்லிய ஊசி வைத்து உறிஞ்சிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. டிபியைப் பிடிக்க அது நல்ல கருவி. ஹாட்ஜ்கினுக்குப் போதாது. இந்த நோயில் கட்டிக்குள் இருக்கும் உண்மையான புற்றணுக்கள், அதாவது ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள், நூற்றில் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் சுற்றிலும் கூடிய சாதாரண அழற்சி செல்கள். ஊசியில் வருவது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான். சில ஹாட்ஜ்கின் நெறிகளில் டிபியில் இருப்பது போன்ற கிரானுலோமா எனும் அழற்சிச் செல் திரளும் இருக்கும் என்பதால், 'டிபி மாதிரி தெரிகிறது' என்று அறிக்கை வந்துவிடவும் வாய்ப்புண்டு. முழு நெறியை வெட்டி எடுத்தால் கட்டமைப்பு தெரியும். புற்றணுவை அடையாளம் காட்டும் சிடி30, சிடி15 சாயங்களும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பரிசோதனையும் செய்யலாம். எச்ஐவியோடு வரும் ஹாட்ஜ்கினில் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கும். கழுத்து நெறி என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நாலைந்து தையலோடு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றுக்குள் ஆழத்தில் இருந்தால் தடித்த ஊசி பயாப்சி நடுவழி.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாமல் ஒரு துண்டை உப்பு நீரில் தனியாக வைத்து, டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே வெட்டில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

(ராத்திரி வேர்வை ஓர் அறிகுறி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். மே மாதம் பாம்பனில் யாருக்கு வேர்க்காது? சட்டையையும் பாய்விரிப்பையும் மாற்றவேண்டிய அளவுக்கு நனைந்தால்தான் கணக்கு. சாராயம் குடித்ததும் நெறி வலித்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரிதுதான், ஆனால் ஹாட்ஜ்கினைச் சுட்டும் அடையாளம்.)

நோய் உறுதியானபின் வரும் போட்டி, எச்ஐவியைப் புற்றுநோய் டாக்டரிடம் சொல்வதா, மறைப்பதா? ஊர் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே மறைப்பது உயிருக்கே உலை. இரண்டாம் வரிசை ஏஆர்டியில் உள்ள ரிடோனவிர் என்ற மருந்து, ஹாட்ஜ்கினுக்குக் கொடுக்கும் வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கும். வெள்ளணுக்கள் சரிந்து உயிர் ஆபத்து வரை போகும். சிடோவுடின் என்ற ஏஆர்டி மருந்தும் தன் பங்குக்கு மஜ்ஜையை நசுக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையோடு அந்த மோதல் இல்லை. ஏஆர்டியை நிறுத்திவிட்டுக் கீமோ என்பது பழைய யோசனை. இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். எச்ஐவியைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பதையும், சம்மதமின்றி வெளியே சொல்வதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மருந்து விஷயத்தில் ஏபிவிடி எனும் நான்கு மருந்துக் கூட்டுதான் இன்னும் நடைமுறை. ஏஆர்டியோடு அதைக் கொடுத்த பிரிட்டன் ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு எச்ஐவி உள்ளவர்களுக்கு 81 சதவீதம், இல்லாதவர்களுக்கு 88. பெரிய இடைவெளி இல்லை. புதிய பிரென்டக்சிமாப் சேர்ந்த கூட்டும் எச்ஐவி உள்ளவர்களிடம் நல்ல பலன் காட்டியிருக்கிறது. விலை அதிகம், விரல் மரத்துப்போவதும் அதிகம். வலை பின்னிப் பிழைக்கிறவர் அதை யோசிக்கத்தான் வேண்டும். ஏபிவிடியில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைத் தாக்கக்கூடும். சங்கு குளிப்பவர்களும் பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர்களும் தங்கள் தொழிலை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடட்டும்.

எங்கே போவது? ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர்; சென்னை அதைப்போல நாலைந்து மடங்கு. முற்றிய நோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று பன்னிரண்டு ஊசி, ஏறக்குறைய ஆறு மாதம். மீன்பிடித் தடைக்காலத்திலேயே முடித்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் நாலைந்து ஊசிதான் அடங்கும். மற்ற மாதங்களுக்குப் படகில் மாற்றாளை இப்போதே பேசிவைக்க வேண்டும். அறிமுகமானவர் கண்ணில் படாமல் இருக்கச் சென்னை சௌகரியம். ஆனால் வெள்ளணு குறைந்திருக்கும் நாளில் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி சேரவேண்டும். அதற்கு மதுரைதான் தோது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும், பயாப்சி செய்த இடத்தில் இருந்து ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் முதல் பயணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கழுத்தில் இரண்டாவது தடவை கத்தி வைக்கவேண்டி வரலாம்.