அந்தோணியாரா, சவேரியாரா?

சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ் அந்தோணியார் கோயிலுக்குப் போலாமா, சிராங்கூன் கார்டன்ஸ் சவேரியார் கோயிலுக்கா? எங்க வீட்ல இது ஓயாத பஞ்சாயத்து. அந்தோணியார் லிஸ்பன்ல பொறந்தவரு, 1231ல செத்து ஒரு வருஷம் முடியறதுக்குள்ள புனிதர் ஆயிட்டாரு, சாவி தொலைஞ்சாலும் ஐசி (அடையாள அட்டை) தொலைஞ்சாலும் அம்மாவுக்கு அவருதான், அவருக்கு விசேஷமான செவ்வாய்க்கிழமைன்னா சொல்லவே வேணாம்.

ஆனா என் ஓட்டு சவேரியாருக்கு. மனுஷன் 1542ல தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்துறைக்கு வந்து, நம்ம பரதவர் ஊர் ஊரா மணியடிச்சிக்கிட்டே நடந்து, புள்ளைங்களக் கூட்டி தமிழ்லயே ஜெபம் சொல்லிக் குடுத்தவரு, அப்புறம் மலாக்கா வரைக்கும் வந்தாரு, அதாவது நம்ம பக்கத்து வீடு! திருநாள் டிசம்பர் 3, அன்னிக்கு மழை கொட்டும். அந்தக் கோயிலுக்கு எம்ஆர்டி ரயில் கிட்டக்க இல்ல, பஸ்தான், பரவால்ல, பூசை முடிஞ்சா சோம்ப் சோம்ப் உணவங்காடியில சாத்தே சாப்பிடலாம்.