கொட்டாஞ்சேனை மண்டபத்தில் ஒரு ஞாயிறு மதிய உணவு

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களின் பெண்கள் மதிய உணவு சமைத்துப் பரிமாறுகிறார்கள். தேவாலயத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அதற்கான காரணம் கீழே விளங்கும். அவர்களுடைய சமையலைப் பற்றி எழுதத் தயக்கம் ஏதும் இல்லை. கொழும்பில் வட இந்திய, பாகிஸ்தானிய உணவு என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கப்படும் பலவற்றையும்விட இது மேலானது.

முதலில் சொல்ல வேண்டியது சப்லி கபாப். பெஷாவர்ப் பகுதியில் பெயர்பெற்ற இந்தக் கபாப்புக்கு இறைச்சியை மாவுபோல் அரைக்கக் கூடாது. கொத்திய பதத்திலேயே இருக்க வேண்டும். அதனுடன் ஒன்றிரண்டாக உடைத்த கொத்தமல்லி விதை, பச்சை மிளகாய், தக்காளி, உலர்ந்த மாதுளை விதை ஆகியவற்றைச் சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, கொழுப்பில் பொரித்தெடுக்கிறார்கள். இங்கே கிடைத்த கபாப்பின் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி ஈரமாகவும் இருந்தது. கடித்தவுடன் கொத்தமல்லியின் மணமும் சற்றுப் பின்னால் மாதுளையின் புளிப்பும் நாவில் தனித்தனியே தெரிந்தன. மாதுளை விதை கொழும்பில் எளிதில் கிடைப்பதில்லை என்றும், கிடைக்காத மாதங்களில் கபாப்பையே செய்வதில்லை என்றும் சமைத்த அம்மா சொன்னதாக, உருதுவும் தமிழும் தெரிந்த தொண்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். குறையோடு பரிமாறுவதைவிடப் பரிமாறாமலே விடலாம் என்று நினைக்கும் சமையற்காரரிடம் நம்பிச் சாப்பிடலாம்.

காபூலி புலாவு நம்முடைய புரியாணிக்குப் பழகிய நாவுக்குச் சற்றுச் சாதுவாகத் தோன்றக்கூடும். இதில் மிளகாய்த்தூளும் இல்லை, நிறமும் இல்லை. இறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைத்து, சீரகமும் ஏலக்காயும் மணக்க, மெல்லியதாக நறுக்கி வதக்கிய கரட்டையும் முந்திரிகை வற்றலையும் மேலே பரப்புகிறார்கள். சோற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் இறைச்சித் துண்டு கரண்டி பட்டதும் எலும்பிலிருந்து கழன்றது. இரண்டாவது கவளத்தில்தான் இதன் அடக்கமான சுவை பிடிபடுகிறது. ஆகவே முதற்கவளத்தோடு ஊறுகாயைத் தேட வேண்டாம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்குக் கடலைக் கறியும் பூரியும் உண்டு, நன்றாகவே இருந்தன. நாண் ரொட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தந்தூர் அடுப்பு இல்லாததால் தட்டையான இரும்புக் கல்லிலே சுடுகிறார்கள், அது ஆறியதும் தோல்போல் ஆகிவிடுகிறது. சூடாகக் கேட்டு வாங்குங்கள்.

விலைப் பட்டியல் என்று எதுவும் இல்லை. வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டி இருக்கிறது. அதில் சேரும் பணம் அகதிப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் வகுப்புகளுக்குப் போகிறது என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். சமைத்தவர்களுக்குக் கூலி கிடையாது, கொடுக்கவும் முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. இங்கே அடைக்கலம் கேட்பவர்களின் கோரிக்கையை ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமே விசாரித்து வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் வேறொரு நாடு அழைக்கும்வரை காத்திருக்கலாம், ஆனால் வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. அரச வைத்தியசாலையில் மருந்து எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அரச பாடசாலைக் கதவு வழமையாகத் திறப்பதில்லை. முன்னர் கிடைத்த சிறிய மாதாந்தக் கொடுப்பனவும், அந்த அலுவலகம் இங்கே தன் பணிகளைச் சுருக்கிக்கொண்ட பிறகு, இல்லாமற் போய்விட்டது. இத்தனை கைத்திறன் உள்ள ஒரு பெண் தன் சமையலை விற்று வாடகை கட்ட முடியாத நிலையில், நாம் நூறு ரூபாயை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு வெளியே வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயரையும் தெருவையும் நான் தவிர்த்ததற்குக் காரணம் இதுதான். 2017 செப்டெம்பரில் கல்கிசையில், மியன்மாரிலிருந்து தப்பிவந்த ரோஹிங்கியக் குடும்பங்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தங்களை முஸ்லிம்களாகக் கருதும் அகமதியாப் பிரிவினரும் கிறிஸ்தவர்களும் உட்பட நூற்றுக்கணக்கான அகதிகள் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் தஞ்சமடைந்தார்கள். 1974இல் பாகிஸ்தானின் அரசியலமைப்பே முஸ்லிம்கள் அல்லர் என்று விலக்கிய அகமதியாக்களை, இங்கே முஸ்லிம்கள் என்றே சிலர் துரத்தினார்கள்.

இதையெல்லாம் தமிழர்களாகிய நாம் மற்றவர்களைவிட விரைவாக விளங்கிக்கொள்ள வேண்டும். 1983 முதல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் போய் இறங்கியவர்களில் நம் உறவினர் இல்லாத குடும்பம் வடக்குக் கிழக்கில் குறைவு. இந்தியாவும் அந்த அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுதான். முகாம்களில் இட நெருக்கடியும் பெயர்க் கணக்கெடுப்பும் கண்காணிப்பும் இருந்தன. ஆனாலும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். ஆண்கள் சுவருக்கு வர்ணம் பூசப் போயாவது நாட்கூலி கொண்டுவந்தார்கள். அந்த அளவு இடத்தைக்கூட நம் நாடு இவர்களுக்குத் தரவில்லை. 2024 டிசம்பரில் ரோஹிங்கியர் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது, அவ்வூர் மக்கள் உணவும் தண்ணீரும் கொண்டு போனார்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தேவாலய மண்டபத்துக்குப் போக விரும்புவோர் நண்பகலுக்கு முன்னரே போய்விடுவது நல்லது, ஏனெனில் கபாப் முதலில் தீர்ந்துவிடுகிறது. மின்விசிறிகள் போதாது, மேசைகளும் நெருக்கம். வயதானவர்களை அழைத்துச் சென்றால் வாசற்பக்கமாக இடம் பிடியுங்கள். ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: எந்த உணவு எந்த ஊருக்குரியது, அதில் என்ன இறைச்சி சேர்ந்திருக்கிறது என்று மூன்று மொழிகளிலும் ஒரு பலகை வையுங்கள். வருகிறவர்களுக்கு: சாப்பாட்டுக்கு ஒரு நல்ல உணவகத்தில் எவ்வளவு கொடுப்பீர்களோ அதையே பெட்டியில் போடுங்கள். இவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி வேண்டும் என்று, உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள்.