நடுத்தர பட்ஜெட் கேமிங் பிசி ரிவ்யூ: கிராஃபிக்ஸ் கார்டு இன்றைக்கு, மதர்போர்டு நாளைக்கு

பட்டியலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம்: ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5-6000 சிஎல்30 ராம் 32 ஜிபி, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 750 வாட் கோல்டு பவர் சப்ளை, முன்பக்கம் முழுக்க வலை போட்ட ஒரு சாதாரண கேபினட். 1440பி (2560 x 1440) மானிட்டரில் கேம் ஆடத்தான் இது, அதுவும் சில வருடம் கழித்து மொத்தத்தையும் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிற மாதிரி. நான் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். பெரும்பாலும் திருப்தி, ஓரிரு இடத்தில் முணுமுணுப்பு.

"அப்புறம் அப்கிரேட் பண்ணிக்கலாம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு பார்ட்டைக் கழற்றினால் கூடவே வேறு எதெல்லாம் கழன்று வரும் என்று பார்த்தால்தான் அந்தப் பேச்சின் லட்சணம் தெரியும். ராம் என்றால் இரண்டு கிளிப், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் ஒரு ஸ்குரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும். ஆனால் மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் பிசியையே பிரித்து மேஜை முழுக்கப் பரப்ப வேண்டும், சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) மாறியிருந்தால் பிராசசரும் போச்சு, ராம் தலைமுறை மாறியிருந்தால் அதுவும் போச்சு. பவர் சப்ளையும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒவ்வொரு கேபிளையும் உருவி மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் இந்த இரண்டிலும் ஒரு படி மேலே வாங்கிவிட்டு, மற்றதில் இன்றைய தேவைக்கு மட்டும் செலவழித்தேன்.

ஏஎம்5 சாக்கெட்டை எடுத்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டின் வரலாறுதான். முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. அந்தக் காலத்து பி350, எக்ஸ்370 போர்டுகள் பலவற்றில் வெறும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டு, 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை (எக்ஸ்3டி என்றால் கேமுக்காகக் கூடுதல் கேஷ் மெமரி வைத்த வகை) உட்கார வைக்க முடிந்தது. ஐந்து வருடப் பழைய போர்டில் அந்த நேரத்தின் முன்னணி கேமிங் பிராசசர்! ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில், 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 7000, 8000ஜி, 9000 வரிசைகள் மூன்றும் இதே சாக்கெட்தான். இன்டெல் பக்கம் 12, 13, 14 தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஓடின, 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வந்தபோது எல்ஜிஏ1851 ஆகிவிட்டது. இன்டெல் பிராசசர் மோசம் என்று சொல்லவில்லை, 14ஆம் தலைமுறை கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தால் இன்றைக்கும் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த போர்டுக்கு அடுத்த மாடி கிடையாது.

ரைசன் 5 7600 பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, அதுவே அதன் நல்ல குணம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட், பெட்டியிலேயே ஒரு கூலர். கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரமாக இருந்து 1440பி-யில் செட்டிங்ஸை ஏற்றி ஆடினால், பிராசசர் பாதி நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் 7800எக்ஸ்3டி வாங்கியிருந்தாலும் ஃப்ரேம் ரேட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதிகம் இருக்காது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் மாதிரி கேம்களை செட்டிங்ஸை எல்லாம் குறைத்து வைத்து 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ், அவர்கள் பிராசசருக்குத்தான் செலவழிக்க வேண்டும். 7500எஃப் இன்னும் மலிவு, கேமில் 7600-க்கு மிக அருகில் வரும், ஆனால் அதில் உள்ளமை கிராஃபிக்ஸ் இல்லை. பழைய கார்டை விற்றுவிட்டுப் புதியது வரும்வரை, அல்லது கார்டு வாரன்டிக்குப் போயிருக்கும்போது, திரையில் ஏதாவது தெரிய வேண்டுமே? அப்கிரேட் செய்கிற எண்ணம் இருப்பவர்களுக்கு அந்தச் சின்ன வசதி பெரிய விஷயம்.

மதர்போர்டில் ஏ620 வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். இன்றைய 65 வாட் பிராசசருக்கு அது தாராளம். சில வருடம் கழித்து 120 வாட் எக்ஸ்3டி பிராசசர் போட நினைக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த வகை போர்டுகள் பலவற்றில் விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேலே ஹீட்சிங்க்கூட இருக்காது. பி650-இலும் அடிமட்ட மாடல்கள் உண்டு, அதனால் சிப்செட் பெயரை மட்டும் பார்க்காமல் நான்கு விஷயம் பாருங்கள்: விஆர்எம் மேல் உலோகக் கட்டை இருக்கிறதா, எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) குறைந்தது இரண்டு இருக்கிறதா, ராம் ஸ்லாட் எத்தனை, பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா. அந்தப் பட்டன் இருந்தால் புதிய பிராசசருக்கான பயாஸை பென் டிரைவில் போட்டு, பிராசசரே இல்லாமல் அப்டேட் செய்துவிடலாம். இல்லையென்றால் பழைய பிராசசரை விற்பதற்கு முன்னாலேயே ஞாபகமாகச் செய்துவிட வேண்டும். ஆர்ஜிபி விளக்கு, கவச அலங்காரம் இதற்கெல்லாம் காசு பிடுங்கும் போர்டுகளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராம் விஷயத்தில்தான் ஆட்கள் நிறைய குழம்புகிறார்கள். டிடிஆர்5-6000 சிஎல்30 தான் இந்த பிராசசருக்கு மிகப் பொருத்தமானது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைக்கும், 6000 சிஎல்30-க்கு 10, சிஎல்36-க்கு 12. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் சிஎல்30, நிறைய என்றால் சிஎல்36 போதும், கேமில் கண்டுபிடிப்பது கஷ்டம். அதைவிட முக்கியம், பயாஸுக்குள் போய் எக்ஸ்போ புரொஃபைலை ஆன் செய்வது. அதைச் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கியது 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், பிசி ஒரு வார்த்தை சொல்லாது.

அப்புறம் அந்த நான்கு ஸ்லாட் மயக்கம். போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது, இப்போது இரண்டு 8 ஜிபி, பிறகு இன்னும் இரண்டு 8 ஜிபி, இதுதானே அப்கிரேட் என்று நினைப்போம். டிடிஆர்4 காலத்தில் அது நடந்தது. ஏஎம்5-இல் நான்கு ஸ்டிக் போட்டால் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உத்தரவாதம் தரும் வேகம் வெறும் 3600, இரண்டு ஸ்டிக் என்றால் 5200. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். அதனால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டை ஒரே கிட்டாக வாங்கி, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது எல்லோருக்கும் தெரியும். கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டு 8 ஜிபி போட்டு ஓட்டிவிட்டு, விலை இறங்கியதும் அதை விற்றுவிட்டு மாற்றுங்கள். 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் வாங்கி இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை ஒற்றைச் சேனலில் (மெமரிப் பாதையின் பாதி அகலத்தில்) ஓட வேண்டும், அதே மாடல் பெயரில் பிறகு வாங்கினாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

சரி, கிராஃபிக்ஸ் கார்டு. பட்ஜெட்டில் பெரும்பகுதியை விழுங்குவது இதுதான், சீக்கிரம் பழசாவதும் இதுதான். எதிர்காலத்துக்காக என்று சொல்லி இங்கே இழுத்துப்பிடித்து ஒரு படி மேலே போகாதீர்கள், சில வருடத்தில் இன்றைய மேல்மட்டம் நாளைய நடுமட்டம் ஆகிவிடும். ஆனால் விரேமில் (கார்டின் சொந்த மெமரி) மட்டும் கை வைக்க வேண்டாம். 9060 எக்ஸ்டி என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி இரண்டு கார்டு இருக்கின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யும் அதே கதை. பெட்டி ஒரே மாதிரி, பெயர் ஒரே மாதிரி, ஓரத்தில் ஒரு சின்ன எண் மட்டும் வேறு, ஆர்டர் போடும்போது அந்த எண்ணை இரண்டு முறை பாருங்கள். 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் சாதாரண ராமுக்குப் போகும், அது பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) வழியாக வந்து போக வேண்டும். சராசரி ஃப்ரேம் ரேட்டைப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கும்போது ஒரு வெட்டு, கதவைத் திறக்கும்போது ஒரு வெட்டு. சில கேம்களில் வெட்டு வராது, பதிலுக்குச் சுவர், தரையின் டெக்ஸ்சர் மங்கலாகவே கிடக்கும். அதனால் ரிவ்யூக்களில் சராசரியை விட்டுவிட்டு 1% லோ (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம்) என்ற எண்ணைப் பாருங்கள்.

16 ஜிபி-யில் இரண்டில் எது? 5060 டிஐ-யில் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) மேல், டிஎல்எஸ்எஸ் 4 (சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் நுட்பம்) நிறைய கேம்களில் கிடைக்கிறது, பிளெண்டர் மாதிரி வேலை செய்பவர்களுக்கு அதுதான் சரி. 9060 எக்ஸ்டி சாதாரண கேமிங்கில் அதை ஒட்டியே வரும், பொதுவாக விலை குறைவு, ஏஎம்டியின் அதே வகை நுட்பமான எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத்தின் தரத்தில் முன்பு இருந்த பெரிய இடைவெளியும் சுருங்கிவிட்டது. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5060 டிஐ எட்டு லேன்தான், 9060 எக்ஸ்டி பதினாறும் பயன்படுத்தும். நான் ரே டிரேசிங்கை ஆன் செய்து ஒரு நிமிடம் ரசித்துவிட்டு ஆஃப் செய்கிற ஆள், எனக்கு 9060 எக்ஸ்டி போதும். அமைதியாக ஓடுகிறது, 160 வாட்தான் இழுக்கிறது. முணுமுணுப்பு கார்டின் மேல் இல்லை, அதைத் தாங்கும் போர்டின் மேல். கார்டைப் போட்டதும் அதைக் கழற்றும் லாட்ச் அடியில் மறைந்துவிடுகிறது, பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளே விட்டு அழுத்த வேண்டியிருக்கிறது. சில போர்டுகளில் இதற்கென்றே ஓரத்தில் தனிப் பட்டன் வைக்கிறார்கள், அப்கிரேட் ஆசாமிகளுக்கு அது எந்த ஆர்ஜிபி விளக்கையும்விட உபயோகம்.

கணக்குப் பார்த்தால் இந்த பிசி மொத்தமாக 300 வாட் சுமார்தான் இழுக்கும். பிறகு எதற்கு 750? நாளைக்கு 304 வாட் 9070 எக்ஸ்டி மாதிரி ஒரு கார்டும், கூடவே எட்டு கோர் எக்ஸ்3டி பிராசசரும் வந்தால் பவர் சப்ளையைத் தொட வேண்டாம் என்பதற்காக. வாட்டைவிட முக்கியம், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரம். கார்டுகள் கண நேரத்துக்குத் திடீரென்று நிறைய இழுக்கும், அந்தத் துள்ளலைத் தாங்கும்படி வகுத்த தரம் அது. 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே, உள்ளே இருக்கும் பாகங்கள் நல்லவையா என்பதற்கு அல்ல. அதற்கு வாரன்டி எத்தனை வருடம் என்று பாருங்கள், பிரித்துச் சோதிக்கும் ரிவ்யூக்களைப் படியுங்கள். மாடுலர் பவர் சப்ளையை என்றாவது மாற்றினால் பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகவே கூடாது. பிளக் பொருந்தும், பின் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியோ போர்டோ ஒரு நொடியில் கருகிவிடும்.

எஸ்எஸ்டி: டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் ஃபிளாஷ்) ஜென்4 (பிசிஐஇ 4.0), தனி டிராம் (எஸ்எஸ்டியின் சொந்த வேக மெமரி) இல்லாவிட்டாலும் கேமுக்குப் பரவாயில்லை. ஜென்5 வேண்டாம், கேம் லோடாகும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது, சூடு மட்டும் தெரியும். 1 டிபி சீக்கிரம் நிரம்பிவிடும் என்பது உண்மை, அதற்குத்தான் இரண்டாவது எம்.2 ஸ்லாட். ஹீட்சிங்க் அடியில் இருக்கும் நீல நிற ஒட்டுத்தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். கேபினட்டில் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும், கார்டின் நீளமும் கூலரின் உயரமும் உள்ளே அடங்க வேண்டும், அவ்வளவே. கூலர் பெட்டியில் வந்ததே போதும், ஃபேன் சத்தம் ஆகாதவர்கள் தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் மாதிரி இரட்டை டவர் கூலர் போடலாம். உயரம் சுமார் 155 மில்லிமீட்டர், கேபினட் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்னால் எக்ஸ்3டி போட்டாலும் அதுவே தாங்கும்.

முதல் முறை மாட்டுபவர்களுக்கு இரண்டு இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்று, பிராசசரை வைத்து சாக்கெட் லீவரை இறக்கும்போது கறகறவென்று வரும் சத்தம். பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன, அம்புக்குறியைப் பொருத்தி நேராக வைத்திருந்தால் அந்தச் சத்தம் சகஜம், கறுப்பு மூடியும் தானாகவே எகிறி வந்துவிடும். இரண்டாவது, முதல் முறை ஆன் செய்யும்போது. ஃபேன் சுற்றும், போர்டில் டிராம் விளக்கு எரியும், திரையில் ஒன்றுமே வராது. ராமை அது பழக்கிக்கொண்டிருக்கிறது, சில நிமிடம் ஆகும், அதற்குள் பவரை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். எக்ஸ்போ ஆன் செய்ததும் இன்னொரு முறை இதே நாடகம் நடக்கும்.

விண்டோஸ் ஏற்றி முடித்ததும் டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து பாருங்கள். 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் பல நேரம் 60-இலேயே நின்றுகொண்டிருக்கும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கேம் ஓடுவது 7600-க்குள் இருக்கும் அந்தக் குட்டி கிராஃபிக்ஸில்தான்.