திருவொற்றியூர் வெயிலும் ஊட்டிக் குளிரும்: ரிமோட் ஸ்டார்ட்டோடு நான்கு வருஷம்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். 2021 கடைசியில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். ரிமோட் ஸ்டார்ட், அதாவது தூரத்திலிருந்தே சாவியில் உள்ள பட்டனால் இஞ்சினைக் கிளப்பும் வசதி, இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் அம்மா. அவருக்கு மூட்டுவலி, வண்டியில் ஏறி உட்காரவே நேரமாகும். மே மாத மத்தியானத்தில் கொதிக்கிற சீட்டில் அவரை உட்கார வைக்க மனசு வரவில்லை. இப்போது மாடியிலிருந்தே லாக் பட்டனை ஒரு தட்டு, அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். அம்மா படியிறங்கி வருவதற்குள் உள்ளே குளுகுளுவென்று ஆகிவிடும். கொடுத்த காசு இதற்கே தகும்.

மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 டிசம்பரில் ஊட்டி போனபோதுதான் அது காலை வாரியது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காலை ஆறரைக்கு லாட்ஜ் பால்கனியில் நின்று பார்த்தால் புல் மேல் உப்பு தூவியது போல உறைபனி, கார் கண்ணாடியிலும் அதே வெள்ளை. பட்டனை அழுத்தினேன். இண்டிகேட்டர் கண் சிமிட்டியது, பானெட்டுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

குளிரில் ரிமோட்டுக்குள் இருக்கிற பட்டன் செல் சோர்ந்துபோகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாவியைத் திறந்து, அந்த சிஆர் 2032 செல்லை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, திரும்பப் போட்டு அழுத்தினேன். மறுபடியும் டக் டக். அப்போதுதான் உறைத்தது: இண்டிகேட்டர் சிமிட்டினால் ரிமோட் சொன்னது வண்டிக்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். ரிமோட்டில் கோளாறு இல்லை. டக் டக் சத்தம் வந்தால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டாக்ஸி டிரைவர் வந்தார். "மெட்ராஸ் வண்டிங்களா? பேட்டரி எத்தனை வருசம் ஆச்சுங்க?"

"வாங்கினதிலிருந்து இதேதாங்க. மூணு வருஷம்."

"அதானுங்க. அங்க வெயில்ல வெந்துட்டு வருது, இங்க வந்து படுத்துக்குது."

ஜம்பர் கேபிள் எடுத்து வந்தார். சிவப்பு கேபிள் இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும். கறுப்பு கேபிளின் ஒரு முனையை அவர் பேட்டரியின் மைனஸில் கொடுத்துவிட்டு, மறு முனையை எங்கள் பேட்டரியில் மாட்டாமல் இஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வினார். பேட்டரி பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது என்பதற்காக. வண்டி உடனே கிளம்பியது.

அவர் சொன்னது முழுக்க நிஜம். பேட்டரியை அரிப்பது வெயில்தான். சூட்டில் உள்ளே நீர் வற்றுகிறது, தகடுகள் அரித்துப்போகின்றன. சென்னையில் இஞ்சின் லேசாகச் சுற்றிவிடுவதால் அந்தப் பலவீனம் வெளியே தெரிவதில்லை. பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்தால் பேட்டரியின் பலம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃப் மோட்டார் அதிகக் கரண்ட் கேட்கிறது. கனடா மாதிரி மைனஸ் 18-க்குப் போகிற ஊர்களில் பலம் பாதிக்கும் கீழே போய்விடும்.

ஊர் திரும்பி, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துவிட்டு தண்டையார்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடையில் சோதித்தோம். முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எங்களுடையது 12.2. செல்ஃப் போடும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது, எங்களுடையது 9-க்கும் கீழே போனது. பாதித் தப்பு எங்கள் பழக்கத்தில் இருந்தது. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு நான் வேலைக்கு அதில்தான் போகிறேன், கார் வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஏசியோடு ஐடிலில் ஓடும், அப்புறம் மூன்று கிலோமீட்டர் பயணம். இதில் எங்கே சார்ஜ் ஏறும்? இப்போது வாரம் ஒருமுறையாவது மீஞ்சூர் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். புது பேட்டரி போட்டு ஒரு வருஷம் ஆகிறது, பிரச்சினை இல்லை.

இன்னொரு கோளாறு உப்புக்காற்றால் வந்தது. இது போன ஆகஸ்டில். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை, வண்டி முயற்சிகூடச் செய்யவில்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு நிபந்தனை தடுக்கிறது: கதவு, பானெட் மூடியிருக்க வேண்டும், கியர் பி-யில் (பார்க்கிங்) இருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பானெட் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சில் பச்சை பூத்திருந்தது. மூடிய பானெட்டை வண்டி திறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியானது. பேட்டரி டெர்மினலுக்கு நான் மாதாமாதம் வாசலின் தடவுகிறேன். எண்ணூர், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஆட்டோமேட்டிக் இல்லாத கியர் வண்டியில் வெளிக்கடையில் ரிமோட் ஸ்டார்ட் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். கியரில் நின்றிருந்தால் வண்டி பாய்ந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள்ளும் போடாதீர்கள், புகை உயிரை எடுத்துவிடும். தெருவில் ஆளில்லாமல் இஞ்சினை ஓடவிடுவதை மோட்டார் வாகனச் சட்டம் 126-ஆம் பிரிவு தடுக்கிறது. எங்கள் வண்டி காம்பவுண்டுக்குள் திறந்த இடத்தில் நிற்பதால்தான் பயன்படுத்துகிறோம்.

பானெட் ஸ்விட்சில் மறுபடி லேசாகப் பச்சை தெரிகிறது. மழைக்காலம் முடிந்ததும் புதிதாகவே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.