அறுகம் குடாவா, கற்பிட்டியா?

மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் இந்த இரண்டு கரைகளுக்குமே பருவம். கிழக்கே அறுகம் குடாவில் அலைச்சறுக்கு. மேற்கே கற்பிட்டியில் பட்டத்தின் இழுவையில் நீர்மேல் ஓடும் காற்றுச்சறுக்கு.

அறுகம் குடாவின் புகழ்பெற்ற அலை, கரையின் முனையிலிருந்து வலப்புறமாக நீண்டு உடையும். அடியில் பாறை, புதியவர்களுக்கு அது வேண்டாம். பக்கத்துப் பேபி பாயிண்டில் தொடங்கினால் முதல் நாளிலேயே பலகையில் எழுந்து நிற்கலாம். விழுந்தால் வாய் நிறைய உப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

கற்பிட்டியில் தென்மேற்குக் காற்றுதான் எல்லாம். களப்பின், அதாவது கடலோர உப்பேரியின், நீர் அலையின்றித் தட்டையாக இருக்கும். ஆனால் பலகையைத் தொடும் முன் பட்டத்தை அடக்கப் பழக வேண்டும்; செலவும் கூடுதல். கொழும்பிலிருந்து தூரம் குறைவு என்பது ஆறுதல்.

இரண்டே நாள் விடுமுறை என்றால், பயணம் நீண்டாலும் அறுகம் குடாவுக்கே போவேன். ஒரு வாரம் கிடைத்தால் கற்பிட்டி.