டெண்டர் படகு தூக்கும் கிரேன்: லங்காவியில் எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் லங்காவித் தீவில், குவா துறையில் நிற்கும் 26 மீட்டர் மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்றில் 2016 முதல் 2024 வரை இன்ஜினியராகப் பணியாற்றினேன். அதன் மேல்தளத்தின் பின்பகுதியில், கரைக்குப் போய்வரும் டெண்டர் படகை ஏற்றி இறக்குவதற்கென, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஹைட்ராலிக் கிரேன் உண்டு. அதன் கை நான்கு மீட்டர் வரை நீளும். பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய பாரம் 600 கிலோ என்று அடிப்பாகத்துத் தகட்டில் பொறித்திருக்கிறது. நாங்கள் தூக்கியது 40 குதிரைத்திறன் வெளிப்புற மோட்டார் பூட்டிய 4.2 மீட்டர் காற்றடைத்த படகு. ஆகவே கிரேனின் பலத்தைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை. அது எங்களுக்குக் கொடுத்த தொல்லைகள் எல்லாம் உப்பினாலும், வேலையின்றி நின்றதனாலும், ஒருமுறை பழுது பார்த்தவரின் கைப்பிழையினாலும் வந்தவை.

முதல் கோளாறு 2019 ஜனவரியில் தெரிந்தது. படகைத் தூக்கி, தாங்கிகளுக்கு மேலே நிறுத்திவிட்டுப் பட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, யாரும் பொத்தானைத் தொடாமலேயே கிரேனின் கை மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத வேகம் என்பதால், கைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, காகித டேப்பில் கோடிட்டு அளந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 9 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. வெளியே எங்கும் ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையமான பிஸ்டன் சீல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கிரேனைப் பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சிலிண்டரைக் கழற்றிப் பினாங்குக்கு அனுப்பி, புதிய சீல் போட்டு, திரும்பப் பூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. மறுபடி அளந்தபோது ஒரு மணி நேரத்தில் 8 சென்டிமீட்டர் இறங்கியது. பழைய சீல்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவர் யாட் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர். பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் டிப்பர் லாரிகளின் ஹைட்ராலிக் வேலை செய்யும் பட்டறைக்காரர் ஒருவரை நண்பர் மூலம் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, சீல மாத்தினது போதும். பாரத்தோட நிக்கும்போது ராடு பக்கத்து ஹோஸக் கழட்டிப் பாரு. ஆயில் வந்தா சீலு, வரலன்னா வால்வு" என்றார்.

இந்தச் சோதனையின் கணக்கு எளிமையானது. எங்கள் கிரேனில் சிலிண்டர் நீண்டால் கை உயரும். எனவே பாரம் முழுவதையும் தாங்குவது பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் ஆயில்தான். அந்த ஆயில் பிஸ்டன் சீலைத் தாண்டி மேற்பக்கம் போனால், அங்கே பிஸ்டனோடு சேர்ந்த தண்டான ராடு பாதி இடத்தை அடைத்திருப்பதால் முழுவதற்கும் இடம் போதாமல், மிச்ச ஆயில் ராடு பக்கத்துத் துளை வழியே வெளியே வந்தாக வேண்டும். வால்வு வழியே கசிந்தாலோ அந்தத் துளையில் ஆயில் வராது. உள்ளே காற்றுதான் இழுபடும். செய்து பார்க்க விரும்புவோர், கையைத் தாங்கிக்குச் சில சென்டிமீட்டர் மேலே மட்டும் நிறுத்தி, திடீரென்று விழுந்தாலும் தாங்கியில் அமரும்படி வைத்துக்கொண்டு, ராடு பக்கத்து அழுத்தத்தை முழுவதும் விடுவித்த பிறகே ஹோஸைத் தொட வேண்டும். பிஸ்டன் அடிப்பக்கத்து இணைப்பை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. பாரம் அங்கேதான் தொங்குகிறது.

எங்களுடையதில் ஒரு சொட்டும் வரவில்லை. சிலிண்டரின் மீதே பொருத்தப்பட்டிருக்கும் கவுன்டர்பேலன்ஸ் வால்வை, கை தாங்கியில் முழுவதுமாக அமர்ந்த பிறகு, கழற்றினேன். ஹோஸ் வெடித்தாலும் பாரம் விழாமல் பிடித்துக்கொள்வதும், இறக்கும்போது கை பாய்ந்துவிடாமல் அடக்குவதும் இந்த வால்வின் வேலை. அதன் உள்இருக்கையில், நகத்தின் வெட்டுத்துண்டு அளவுக்கு ஒரு வெள்ளை இழை ஒட்டியிருந்தது. குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பின் துணுக்கு அது. 2018 அக்டோபரில் ஒரு பட்டறை அந்த ஆயில் பாதையில் புதிய ஹோஸ் மாட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல மரையின் முதல் சுற்றிலிருந்தே டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். முனை பிய்ந்து, ஆயிலோடு ஓடி, வால்வு மூடும் இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. இடுக்கியால் அதை எடுத்து, வால்வைச் சுத்தமான ஆயிலில் அலசி, ஓ-ரிங்குகளை மட்டும் மாற்றிப் பூட்டினேன். அன்றிரவு முழுவதும் நிறுத்திவைத்ததில் 3 மில்லிமீட்டர் இறங்கியது. இரவில் ஆயில் குளிர்ந்து சுருங்குவதற்கே அவ்வளவு ஆகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கை தாழ்கிறது என்றவுடன் அந்த வால்வின் திருகைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சில தயாரிப்புகளில் திருகை வலப்புறம் திருப்பினால் பிடிமானம் அதிகமாகாது, குறையும். பாரம் அப்படியே இறங்கிவிடும். அழுத்தமானி கையில் இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது கோளாறுக்குக் காரணம் ஓய்வு. 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது யாட்டைத் துறையில் கட்டிவிட்டுப் போனவர்கள், மாதக்கணக்கில் கிரேனை அசைக்கவில்லை. திரும்பி வந்து பொத்தானை அழுத்தியபோது பம்ப் முனகியது, கை திரும்பவில்லை. அடிப்பாகத்தில் கிரேனைச் சுழற்றும் பல்சக்கரத்தின் மூடியைத் திறந்தால், பழைய கிரீஸ் காய்ந்த மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. அதற்குள் உப்புநீர் புகுந்த இடங்களில் செம்பழுப்புக் கறை. மூடியைத் திறப்பதே ஒரு நாள் வேலையாயிற்று. அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை எந்தத் தடுப்புப் பசையும் பூசாமல் முறுக்கியிருந்ததால், இரு உலோகங்களுக்கும் இடையே வெள்ளைப் பொடியாக அரிப்பு ஏறி, எட்டில் மூன்று போல்ட்டுகள் தலை முறிந்து கையோடு வந்தன. துளையிட்டு மரையைப் புதுப்பித்து, இந்த முறை பசை பூசிப் பூட்டினேன். பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, தண்ணீரைத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகைக்கு மாறினேன். பழையதன்மீது வேறு வகைக் கிரீஸை அப்படியே ஏற்றக் கூடாது. சில ஒன்றோடொன்று சேராமல் நீர்த்து ஒழுகிவிடும்.

மூன்றாவது கோளாறு, படகைத் தொங்கவிடும் கம்பிக் கயிறான வயர் ரோப்பில். 2022-இல் வழக்கம்போலப் பழைய பருத்தித் துணியால் கயிற்றைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, கொக்கிக்கு ஒரு சாண் மேலே துணி மாட்டிக் கிழிந்தது. அங்கே மூன்று இழைகள் அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டெயின்லெஸ் கம்பி வெளியே பளபளப்பாக இருக்கும். முனையில் அழுத்திப் பொருத்திய உலோக உறைக்குள் உப்புநீர் தேங்கி உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு போகும். அன்றே மாற்றினோம். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறலாம் என்று கேப்டன் விரும்பினார். எடை குறைவு, கையைக் குத்தாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் வெயிலும், கம்பி ஓடிச் சொரசொரத்துப்போன கப்பியும் அதற்கு ஆகாது. கப்பியையும் டிரம்மையும் சேர்த்து மாற்றும் செலவுக்கு உரிமையாளர் சம்மதிக்காததால் மறுபடியும் கம்பிதான்.

புதிய கயிற்றுக்குப் பிறகு பாரச் சோதனை செய்தோம். எடைமானியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, தகட்டில் உள்ள அளவுக்கு 125 சதவீதமாக, 750 கிலோ வரை நிரப்பினோம். அதே எடைமானியில் டெண்டரையும் தூக்கிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்ரோல், பேட்டரி, நங்கூரம் எல்லாம் சேர்த்து 480 கிலோ இருக்கும் என்று கணக்கிட்டிருந்தேன். மானி 545 காட்டியது. தரைப்பலகைக்குக் கீழே மூடிய அறையில் புகுந்திருந்த நீரை வடித்தபோது ஐம்பது லிட்டருக்கு மேல் வந்தது. 2011 பிப்ரவரியில் பிரிட்டனின் பிரிஸ்டல் துறைமுகத்தில், டொம்பாரா என்ற கார் ஏற்றும் கப்பலின் மீட்புப் படகு கயிறு அறுந்து விழுந்து ஒரு மாலுமி இறந்தார். படகுக்குள் நீர் ஏறி, ஏட்டில் இருந்த எடையைவிட அது கனத்திருந்தது அந்த விசாரணையில் தெரியவந்தது. அந்த அறிக்கையைப் படித்திருந்தும், எங்கள் படகை எடைபோட எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. படகில் ஆள் இருக்கும்போது கிரேனில் தூக்குவதை அன்றோடு நிறுத்தினோம். விருந்தினர்கள் முணுமுணுத்தாலும் நீச்சல் மேடை வழியாகத்தான் ஏற வேண்டும்.

இதே கிரேனை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். ஆனால் மூடி போல்ட்டுகளை முதல் நாளே கழற்றிப் பசை பூசுவேன், ஹோஸ் இணைப்பில் டேப் சுற்ற எவரையும் விடமாட்டேன். துறையில் சும்மா நிற்கும் காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையை முழுவதும் உயர்த்தி, நீட்டி, இரு பக்கமும் திருப்பிவிட்டு நன்னீரால் கழுவுவோம். இருபது நிமிட வேலை. மின்சாரம் போனால் பயன்படுத்தத் தந்திருக்கும் கைப்பம்பையும் அப்போதே பத்து முறை அடித்துப் பார்ப்போம். 2020-இல் கை திரும்பாமல் நின்ற அன்று முதன்முதலாக அந்தக் கைப்பம்பை நாடினேன். பிடியைப் போட்டு இழுத்ததும் தண்டு துருவேறி அசையாமல் நின்றது. நான்கு ஆண்டுகளில் அதை ஒருவரும் தொட்டதே இல்லை, நான் உட்பட.